புரட்டாசி விருந்து

சுதந்திரம் கிடைத்த மறுமாதம், புரட்டாசிச் சனிக்கிழமை. காஜா பெராங் என்ற ஊரில் மருதமுத்து வீட்டுக்கு மனைவியோடு மகனுக்குப் பெண் பார்க்க வந்த சேதுராமன், குழம்பில் கிடந்த துண்டைக் கடித்ததும் நிமிர்ந்தார்.

"இது ஆட்டுக்கறியா?" குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

சம்பந்தம் போச்சு என்று மருதமுத்துவுக்கு வியர்த்தது.

பரிமாறிக்கொண்டிருந்த பெண் சந்திரமதி சொன்னாள்: "கோதுமை மாவு மாமா. பிசைஞ்சு தண்ணியில அலசினா வெள்ளையெல்லாம் கரைஞ்சிடும். கோதுமை மணிக்குள்ள சேர்ந்திருந்த புரதம் மட்டும் ரப்பர் மாதிரி தங்கும். அதைத்தான் அவிச்சுப் போட்டேன்."

"சத்தியமா கறி இல்லையா?"

"சத்தியமா இல்லீங்க ஐயா," என்றார் மருதமுத்து.

சேதுராமன் முகம் வாடிவிட்டது. கூடத்தில் இருந்த மனைவியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்.

"விரதத்துல நாக்கு செத்துப்போச்சு. கறின்னு நம்பித்தான் ஆசையா மென்னேன். மாவே இந்த ருசின்னா, இவ கையால நெஜக் கறி எப்படியிருக்கும்? கல்யாணத்தை ஐப்பசியிலேயே வச்சிடுவோம், சம்பந்தி."