எதிர்வசனம்

"அந்தப் பொண்ணு இன்னுமா வரல?" என்று உள்ளேயிருந்து கத்தினார் டைரக்டர் ராஃபத்.

"வந்துட்டே இருக்காங்க உஸ்தாஸ்!" என்று லுப்னா வாய் கூசாமல் பொய் சொன்னாள். தேர்வுக்கு வந்தவருக்கு எதிர்வசனம் பேச வரவேண்டிய நடிகையின் போன் காலையிலிருந்தே அணைந்து கிடந்தது.

லுப்னா உதவி இயக்குநராகச் சேர்ந்து பத்து நாள்தான் ஆகிறது. அவளுக்கு முன்னால் இருந்தவன் ஒரு நாற்காலியை இடம் மாற்றிப் போட்டதற்காக வேலை இழந்தவன். இவளோ ஒரு நடிகையையே தொலைத்துவிட்டு நிற்கிறாள்.

ரமலான் மாதத்து டிவி தொடருக்கு நடிகர் தேர்வு. உள்ளே கேமராவின் முன்னால் உட்கார்ந்திருந்தவர் ஷவ்கி. கெய்ரோவில் அவர் செத்து விழாத ஸ்டூடியோ கிடையாது. பதினோரு வருஷமாகக் குதிரையிலிருந்து விழுந்தும், குண்டடி பட்டும், மாடியிலிருந்து குதித்தும் செத்துக்கொண்டிருந்தார். சாவு இல்லாத நாட்களில் இம்பாபா சந்துகளில் டுக்டுக் ஆட்டோ ஓட்டுவார். இப்போது எடுக்கப்போகும் தொடரின் நாயகனும் ஒரு சண்டைக் கலைஞன்தான். அவனுக்குப் பேர் இருந்தது, பேச வசனம் இருந்தது. ஷவ்கிக்கு இப்படி ஒன்று அமைவது இதுவே முதல் தடவை.

வராந்தாவில் அவர் மனைவி ரதீபா, மடியில் முலூகிய்யா கீரைக் கட்டை வைத்து ஆய்ந்துகொண்டிருந்தாள். இங்கே முடிந்ததும் மகளுக்கு ஷூ வாங்கக் கடைத்தெருவுக்குப் போவதாக ஏற்பாடு.

லுப்னா அவள் முன்னால் போய்க் குந்தினாள்.

"அக்கா, இன்னிக்கு நீங்கதான் என் வேலையைக் காப்பாத்தணும்."

"நானா? என்ன செய்யணும்?"

"பொண்டாட்டி வசனம் பேச ஆள் வரல. நீங்க உள்ள வந்து பேசினாப் போதும். கேமரா உங்க பக்கமே திரும்பாது."

"நான் நடிச்சா இந்த மனுஷனுக்கு இருக்கிற பிழைப்பும் போயிடும்மா."

"நடிக்கவே வேண்டாம். பொண்டாட்டிக்குப் புருஷன் மேல கோபம். அவ்வளவுதான் ஸீன். எதிர்ல இருக்கறவரை உங்க புருஷன்னு நினைச்சுக்கிட்டுப் பேசுங்க."

"நினைக்க வேற செய்யணுமா? அதான் பதினஞ்சு வருஷமா என் தலையெழுத்தாச்சே!" என்று ரதீபா சிரித்தாள்.

லுப்னா அவள் கையில் ஒரு தாளைத் திணித்து உள்ளே தள்ளிக்கொண்டு போனாள். எழுத்தாளர் காலையில்தான் அனுப்பிய பக்கம் அது. அவசரத்தில் பிரதி எடுத்ததோடு சரி, லுப்னா படித்துக்கூடப் பார்க்கவில்லை.

மனைவியைக் கண்டதும் ஷவ்கி பதறி எழுந்தார். "உஸ்தாஸ், இவளுக்கு..."

"உக்காருய்யா. கேமரா ஓடுது."

ரதீபா தாளைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். 'சொதப்பிட்டா' என்று லுப்னா கண்களை மூடிக்கொண்டாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

ஷவ்கி விழித்தார். "எதை?"

"குதிரை மிதிச்சதை."

ரதீபா ஒரு அடி முன்னால் வந்தாள்.

"தினமும் சட்டையில ரத்தத்தோட வருவ. சாயம்தானேன்னு நானும் துவைச்சுப் போடுவேன். போன குளிர்காலத்துல ஒரு நாள் எவ்வளவு தேச்சும் போகல. மோந்து பார்த்தேன். நிஜ ரத்தம். விலாவுல ரெண்டு எலும்பு உடைஞ்சு, அதோட வந்து என் பக்கத்துல படுத்துக்கிட்டு, 'இன்னிக்கு வேலை சுலபம்'னு சொன்னியே மனுஷா!"

"உனக்கு... எப்படித் தெரியும்?"

"இருமும்போது தலகாணியைக் கடிச்சுக்கிட்டா தெரியாதா? மறுநாளே உன் கூட வேலை செய்யறவங்ககிட்டக் கேட்டுட்டேன். நீயா சொல்லுவ, நீயா சொல்லுவன்னு காத்துட்டிருந்தேன்."

"நீ பயந்துடுவேன்னு..."

"பயப்படறது என் வேலை. அதை நீ பிடுங்கிக்காத! வெளியில போய் எத்தனை தடவை வேணும்னாலும் சாவு. வீட்டுக்கு வந்து நல்லா இருக்கேன்னு நடிக்காத. அந்த ஒரு நடிப்பு மட்டும் உனக்கு வரவே இல்ல."

ஷவ்கி இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். செத்துக் காட்டியே பழகிய உடம்பு முதன்முதலாக அழுவதைக் கேமரா பார்த்துக்கொண்டிருந்தது. 'எழுத்தாளர் உசுரைக் கொடுத்து எழுதியிருக்காரே' என்று லுப்னாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ரதீபா குனிந்து அவர் தோளைத் தொட்டாள். "போதும், எழுந்திரு. வீட்டுக்குப் போலாம்."

ராஃபத் கேமராவை நிறுத்தச் சொல்லவே கொஞ்ச நேரம் பிடித்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஷவ்கி, இந்த வேஷம் உமக்குத்தான். வேற யாரையும் நான் பார்க்கப் போறதில்ல" என்றார்.

லுப்னாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ராஃபத் இப்போது ரதீபாவின் பக்கம் திரும்பினார். "எல்லாம் சரிம்மா. ஆனா பொண்டாட்டி விவாகரத்து கேட்டுட்டுக் கதவைச் சாத்திட்டுப் போறான்னுதான் அந்தப் பக்கத்துல எழுதியிருக்கு. அதுல குதிரையும் இல்ல, விலா எலும்பும் இல்ல. ஒரு வரிகூட விடாம நீங்க எதுக்கு மாத்தினீங்க?"

ரதீபா அந்தத் தாளை நாலாக மடித்து லுப்னாவின் கையில் கொடுத்தாள்.

"மன்னிச்சுக்குங்க உஸ்தாஸ், எனக்குப் படிக்கத் தெரியாது. புருஷன்கிட்ட பேசுன்னு இந்தப் பொண்ணு சொல்லுச்சு, பேசிட்டேன்."