மூன்று ராணிகள்

மனமகிழ் மன்றத்தின் சீட்டு அறையில் திருட்டு நடக்கிறது என்று கண்டுபிடித்தவர் செயலாளரான பல் டாக்டரம்மா. சீட்டுகளின் பின்புற ஓரத்தில் தெரிந்தும் தெரியாமலும் குண்டூசிக் குத்துகள். யாரோ ஒரு புண்ணியவான் அடையாளம் வைத்து ஆடிக்கொண்டிருந்தார்.

உடனே ஒரு நபர் விசாரணைக் கமிட்டி போட்டார்கள். அந்த ஒரு நபர், கணக்குப் பேராசிரியர். போக்கர் என்றால் அந்த மன்றத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். எதிராளியின் கையில் என்ன இருக்கிறது என்று புட்டுப் புட்டு வைப்பார். கேட்டால், "எல்லாம் கணக்குதான்" என்பார்.

"எந்தக் குத்துக்கு என்ன அர்த்தம்னு எனக்கே பிடிபடலை டாக்டர். குத்தினவனுக்குத்தான் வெளிச்சம். அதே சீட்டுக்கட்டை வச்சு ஞாயித்துக்கிழமை ஆடுவோம். ஆள் தானா மாட்டுவான். மாட்டுறவன் போட்டோவை நோட்டீஸ் போர்டுல ஒட்டி, மன்றத்தை விட்டே துரத்தணும்."

"யார் மேல சந்தேகம் சார்?"

"சொல்லவே வாய் கூசுது. என் மச்சினன் மேலதான்."

டாக்டரம்மா உருகிப்போனார். மனைவியின் தம்பி என்றுகூடப் பார்க்காத மனிதர்!

மச்சினன் சலவைக்கடைக்காரர். அத்தானிடம் ஆட்டம் கற்றுக்கொண்டு மூன்று மாதத்துக்கு முன்தான் மன்றத்தில் சேர்ந்தார். எந்தக் கையையும் விட மனசு வராமல் கடைசி வரை ஒட்டிக்கொண்டிருப்பார். அப்படி ஆடியே போன மாதம் அத்தானை மூன்று முறை மண்ணைக் கவ்வ வைத்தார். மன்றமே கைதட்டியது. பேராசிரியர் கைதட்டவில்லை.

ஞாயிறு மதியம் நால்வர் உட்கார்ந்தார்கள்; டாக்டரம்மா பக்கத்தில் நின்று பார்த்தார். ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. லிமிட் ஆட்டம் என்பதால் ஒரு முறைக்கு ஒரு காயின்தான் ஏற்றலாம். அள்ளிக் கொட்டி ஆளை மிரட்ட முடியாது.

பேராசிரியர் ஏற்றினார். மச்சினன் ஈடுகொடுத்தார். மற்ற இருவரும் நைசாகக் கழன்றுகொண்டார்கள். நடுவில் பதினான்கு காயின் சேர்ந்தபோது கடைசிப் பொதுச் சீட்டு விழுந்தது. இஸ்பேட் ஏழு. மச்சினன் தயங்கித் தயங்கி இன்னொரு காயினை வைத்தார்.

பேராசிரியர் அவர் கையிலிருந்த சீட்டுகளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தன் இரண்டு சீட்டையும் எல்லோரும் பார்க்க மலர்த்திப் போட்டார். இரண்டும் ராணி. நடுவில் ஏற்கெனவே ஒரு ராணி கிடந்தது.

"மூணு ராணி! இருந்தும் ஆட்டத்தை விட்டுட்டேன். டேய், உன் கையைக் காட்டு."

மச்சினன் காட்டினார். இரண்டும் இஸ்பேட். நடுவில் இருந்த மூன்று இஸ்பேட்டோடு சேர்ந்து ஐந்து. ஒரே இனத்தில் ஐந்து சேர்ந்தால் மூன்று ராணியும் தோற்கும்.

"பாத்தீங்களா டாக்டர்? வரப்போற சீட்டு இவனுக்கு முன்னாலயே தெரிஞ்சிருக்கு. இல்லேன்னா எந்த மடையன் இவ்வளவு நேரம் ஒட்டிக்கிட்டு இருப்பான்? போட்டோ எடுங்க."

டாக்டரம்மா செல்போனை நீட்டினார். மச்சினனுக்கு அக்கா முகத்தில் எப்படி விழிப்பது என்று அழுகையே வந்துவிட்டது.

"நான் எப்பவும் இப்படித்தானே அத்தான் ஆடுறேன்? நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. நடுவுல பதினஞ்சு காயின் கிடக்கு, ஒரே ஒரு காயின் வச்சா எதிராளி கையைப் பாத்துடலாம். பதினஞ்சு தடவை தோத்து ஒரு தடவை ஜெயிச்சாலும் நஷ்டமில்லை, வெறும் ஜோடி இருந்தாக்கூட விடாதேன்னு. நான் சும்மா பயமுறுத்திப் பாத்திருந்தா? மூணு ராணியை வச்சுக்கிட்டு நீங்க எப்படி அத்தான் விட்டீங்க?"

"எல்லாம் கணக்கு..." என்று இழுத்தபடியே பேராசிரியர் தன் ராணிகளைக் கவிழ்த்தார்.

டாக்டரம்மா செல்போனை மெதுவாக அவர் பக்கம் திருப்பினார்.

வருடக்கணக்காக ஜெயித்தபோதெல்லாம் மாட்டாத மனிதர், ஒரு காயினை மிச்சம் பிடிக்கப் போய் மாட்டிக்கொண்டார்.