மாமனாரின் இடது பெடல்

ஜன்னல் வெயிலில், பழைய துணிமேல் ஸ்பேனர்கள் பளபளக்கின்றன. எதிரே மாமனாரின் வாலிப காலத்து சைக்கிள். நான் கழற்றவேண்டிய இந்த இடது பெடல் கெட்டால் உலகத்தில் மாற்று கிடையாது. "நானே சர்வீஸ் பண்றேன் மாமா" என்று வாயைக் கொடுத்தவன் நான்தான். ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் அவர், நான் தப்பாக எதைத் தொட்டாலும் கனைக்கிறார், அவ்வளவுதான். வாயைக் கூட்டிக் குறைக்கத் திருகு வைத்த ஸ்பேனரைத் தொடுகிறேன். கனைப்பு. அது வழுக்கி பெடல் அச்சின் விளிம்பைத் தின்றுவிடும் என்று தெரிந்தேதான் தொட்டேன் என்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்கிறேன். தடித்த ஸ்பேனர் பெடலுக்குப் பின்னாலுள்ள இடுக்கில் நுழையவே மாட்டேன் என்கிறது. தகடுபோல மெலிந்த ஒன்றை எடுக்கிறேன். கனைப்பு இல்லை. கச்சிதமாகப் பொருந்துகிறது.

"இடது பெடலை நேர்மாறா திருப்பணும்ங்க. மாத்தித் திருப்புனா மரை போச்சு," என்கிறாள் அப்பா பக்கத்தில் நிற்கும் என் மனைவி.

"தெரியும்டி."

தெரியாது. நேர் எது என்பதே இப்போது மறந்துபோகிறது. வலப்பக்கம் லேசாக அசைத்துவிட்டு, கனைப்புக்குக் காத்திருக்கிறேன். சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால், மாமனார் மகளின் கையைப் பற்றிக்கொண்டு கண்களை இறுக மூடியிருக்கிறார்.

"முடிஞ்சுதாம்மா?"

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லப்பா."

நானும் கண்ணை மூடிக்கொண்டு ஸ்பேனரை அழுத்துகிறேன்.