நீலம் ஊற்றுகிறவர்

களக், களக், களக் என்று கேனின் கழுத்திலிருந்து மருந்து இறங்கும் சத்தம். எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. பேராசிரியைக்கு அது இன்னும் காதைவிட்டுப் போகவில்லை.

அவள் வீட்டு அடுக்களை ஜன்னலுக்கு நேர் கீழே ஒரு சந்து. அதில்தான் பெரிய பல்பொருள் கடையின் பின்கதவு. தினமும் மூன்று மணிக்குக் கடை ஆள் தள்ளுவண்டியோடு வருவார். தேதி முடிந்த ரொட்டி, பன், லேசாகக் கன்றிய பழம் எல்லாவற்றையும் குப்பைத் தொட்டியில் கவிழ்த்து, மேலே நீல மருந்தை ஊற்றுவார். யாரும் எடுத்துத் தின்றுவிடக் கூடாதாம். கடையின் சட்டம். சரியாக ஊற்றுகிறாரா என்று மேலாளர் கதவோரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போவார்.

சந்து முனையில் ஏழெட்டுப் பேர் பையும் குழந்தையுமாக நிற்பார்கள்.

"விஷம். கிட்ட வராதீங்க" என்று அதட்டிக்கொண்டே ஊற்றுவார் அந்த மனுஷன்.

பேராசிரியை கல்லூரியில் மக்கள்தொகைப் பாடம் நடத்துகிறவள். 'விளைவது எல்லாருக்கும் போதும், போய்ச் சேருவதில்லை' என்று ஒரு நாள் காலை கரும்பலகையில் எழுதிவிட்டு வந்திருந்தாள்.

அன்று மாலை காய் வாங்கப் போனவள் சந்து முனையில் அப்படியே நின்றுவிட்டாள். ஒரு பெண்ணின் இடுப்பில் இருந்த குழந்தை பன்னைச் சப்பிக்கொண்டிருந்தது. உதடு, நாக்கு, மோவாய் எல்லாம் நீலம்.

"என்னம்மா இது? பெத்த பிள்ளைக்கு விஷத்தையா கொடுக்கறே?"

அந்தப் பெண் முந்தானையால் குழந்தையின் வாயை அவசரமாகத் துடைத்தாள். "ஒண்ணும் ஆகாது டீச்சர்." திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

பசி கண்ணை மறைத்தால் விஷமும் தெரியாதா? மறுநாள் மூன்று மணிக்குப் பேராசிரியை நேரே பின்கதவுக்குப் போனாள்.

"குழந்தைங்க இதை எடுத்துத் தின்னுதுங்க. தெரியுமா உங்களுக்கு?"

மேலாளர் சிரித்தார். "தின்னாதேன்னு தினமும் சொல்லத்தான் செய்யறோம் டீச்சர். ஜனம் ஈசல் மாதிரி பெருகிப்போச்சு. பூமி எத்தனை வயித்துக்குத்தான் போடும்? இன்னிக்கு ஏழு பேருக்குக் கொடுத்தா நாளைக்கு எழுபது பேர் வந்து நிப்பாங்க."

"பூமி போட்டதைத்தானே நீங்க தொட்டியில கொட்டறீங்க?"

"அது வேற விஷயம்."

"என்ன வேற? வைக்கோற்போர் நாய்கூடக் குரைக்கத்தான் குரைக்கும். வைக்கோல்ல விஷம் ஊத்தாது."

மேலாளரின் சிரிப்பு போய்விட்டது. பேராசிரியை கேனோடு நின்றவரிடம் திரும்பினாள்.

"உங்களுக்குப் பிள்ளைகுட்டி உண்டா?"

"நாலு, டீச்சர்."

"பாத்தீங்களா, நாலாம்" என்றார் மேலாளர். "நான் சொன்னது சரியாப் போச்சு."

"நாலு பிள்ளையைப் பெத்தவருக்கு இதை ஊத்தக் கை கூசலையா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"சுகாதார அலுவலகத்துக்கு எழுதப் போறேன். படத்தோட."

"தாராளமா எழுதுங்க" என்று மேலாளர் உள்ளே போனார். அந்த மனுஷன் மட்டும் ஓர் அடி பின்தங்கி, குரலைத் தாழ்த்தினார்.

"வேண்டாம் டீச்சர். என்னை எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. எழுத மட்டும் எழுதாதீங்க."

"ஏன், வேலை போயிடுமா?"

"அது போனாப் போகுது. இந்த ஜனங்க..."

"என்னய்யா அங்க பேச்சு?" உள்ளேயிருந்து மேலாளரின் குரல். அந்த மனுஷன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

ஜனங்களாம். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான், என்று நினைத்துக்கொண்டாள். அன்று மாலையே எழுதினாள், நாலு பக்கம். ஒவ்வொரு வரியிலும் அனல்.

பத்து நாளில் அதிகாரி வந்தார். கேனிலிருந்து ஒரு புட்டி, தொட்டியிலிருந்து ஒரு புட்டி என்று பிடித்துக்கொண்டு போனார். பேராசிரியை ஜன்னலில் நின்று பார்த்தாள். இத்தனை வருஷம் பாடம் நடத்தியதில் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் இதுதான் என்று தோன்றியது.

அடுத்த வாரம் மேலாளரே வீடு தேடி வந்தார். கையில் ஒரு காகிதம். முகம் நிறையச் சிரிப்பு.

"நன்றி சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன் டீச்சர். நீங்க எழுதலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது."

"எது?"

"பரிசோதனை முடிவு வந்திருக்கு, படிங்க. விஷமே இல்லை. வெறும் தண்ணி, அதுல கேக்குக்குப் போடற நீலக் கலர். ஆறு வருஷமா மருந்தைச் சாக்கடையில கொட்டிட்டு இதைத்தான் ஊத்தியிருக்கான். விஷம், விஷம்னு கத்தினது என் காதுக்கு."

பேராசிரியை காகிதத்தை வாங்கிப் படித்தாள்.

"இப்ப தொட்டிக்குப் பூட்டு போட்டாச்சு. நீங்க ஆசைப்பட்டபடி இனிமே எந்தக் குழந்தையும் அதுல வாய் வைக்க முடியாது."

"அந்த மனுஷர்?"

"அன்னிக்கே அனுப்பியாச்சு."

பிறகு எந்தக் கடையும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. கடைசிவரை ஒரு கல்குவாரியில் சுமை தூக்கினார்.