சதுரங்க மன்றத்துச் சோடா மூடி

அந்த உயர்நிலைப் பள்ளியின் சதுரங்க மன்றத்தில் கறுப்பு ராணி காணாமல் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவள் இடத்தில் ஒரு சோடா மூடிதான் ஆடிக்கொண்டிருந்தது.

ஒருநாள் புது செட் வந்து இறங்கியது. அதில் கிரீடம் வைத்த தேக்குமர ராணி! இனி நமக்குக் குப்பைத்தொட்டிதான் என்று மூடி முடிவுகட்டிக்கொண்டது.

தலைமையாசிரியர் புது செட்டோடு போட்டோ எடுத்துக்கொண்டார். "இன்ஸ்பெக்‌ஷனுக்குக் காட்டணும், பசங்க கை பட்டா பாழாயிடும்" என்று பீரோவில் வைத்துப் பூட்டினார்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் வழக்கம்போலப் பழைய பலகை விரிந்தது. ஆட்டம் சூடுபிடித்தது.

பீரோவுக்குள்ளிருந்து தேக்கு ராணி அதட்டினாள்: "யாரது, என் இடத்தில்?"

"கொஞ்சம் பொறுங்க மகாராணி" என்றது மூடி. "ராஜாவுக்குச் செக் வச்சிட்டாங்க. காப்பாத்திட்டு வந்து சொல்றேன்."