நூற்று இருபது டிகிரி

"இன்னும் கொஞ்சம் மடக்குங்க டீச்சர். வலிச்சா சொல்லுங்க."

"ஐயோ, வலிக்குது!"

"நான் இன்னும் தொடவே இல்லையே டீச்சர்!"

படுத்திருந்த ரோஸ்விதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் தொடை தளர்ந்தது. அதுதான் சமயம் என்று பிசியோதெரபிப் பெண் வெரீனா முழங்காலை மெல்ல மடக்கி, அளவுகோலை வைத்துப் பார்த்தாள்.

"நூத்து இருபத்திரண்டு! டாக்டர் கேட்டது நூத்து இருபதுதான். டீச்சர், இந்த டிசம்பர்ல நீங்க மலை மேல!"

ரோஸ்விதா சிரிப்பதை நிறுத்தினாள். மூன்று வாரமாகத் தொடையை இறுக்கி, வலிக்கிறது வலிக்கிறது என்று புளுகி, நூற்றுப் பத்தைத் தாண்டவிடாமல் காப்பாற்றி வந்தாள். அத்தனை பாடும் ஒரு சிரிப்பில் பாழ்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ரோஸ்விதாவுக்கோ சறுக்குவதே பிழைப்பு. அந்த மலையடிவார ஊரில் பாதிப் பேருக்குப் பனிச்சறுக்கு சொல்லிக் கொடுத்தவள் அவள்தான், இந்த வெரீனாவையும் சேர்த்து. போன பிப்ரவரியில், கண்ணை மூடிக்கொண்டு இறங்கக்கூடிய சரிவில், பனி இறுகிக் கண்ணாடியாய்க் கிடந்த ஓர் இடத்தில் விழுந்தாள். முழங்கால் மூட்டுக்குக் கீழே எலும்பு மூன்றாகப் பிளந்தது. இன்ஸ்ப்ரூக் நகர ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து ஒரு பிளேட், எட்டு ஸ்குரூ வைத்தார்கள். மூன்று மாதம் ஊன்றுகோல். இப்போது எலும்பு கூடிவிட்டது. ஆனால், கொட்டகையில் சாத்தி வைத்திருக்கும் சறுக்குக் கட்டைகளைப் பார்த்தாலே உள்ளங்கை வேர்த்தது.

வேலைக்குப் பயமில்லை. பனிச்சறுக்குப் பள்ளியின் அலுவலகத்திலேயே உட்காரச் சொல்லிவிட்டார்கள். அவளுடைய கவலையெல்லாம் கணவன் ஆல்வினை நினைத்துத்தான். கல்யாணமான இந்த முப்பத்தொரு வருடத்தில், பனி கிடக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கூட அவர்கள் விட்டதில்லை. ஜோடியாக ரோப் காரில் உச்சிக்குப் போவார்கள், ஜோடியாக இறங்குவார்கள். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் அதுதான் திருவிழா. இனிமேல் நான் வரமாட்டேன் என்று அந்த மனுஷனிடம் எந்த வாயால் சொல்வது?

அதற்குள் ஆல்வினே கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். மர மில்லிலிருந்து நேராக வந்திருந்தான்; தலையெல்லாம் மரத்தூள். எப்போதும் கேட்பதைத்தான் இன்றும் கேட்டான்.

"எத்தனை டிகிரி?"

"நூத்து இருபத்திரண்டு, ஆல்வின் அண்ணே! இனி உங்க ஜோடியை யாராலயும் பிடிக்க முடியாது."

ஆல்வின் தொப்பியைக் கழற்றினான். மறுபடி போட்டுக்கொண்டான். "நிஜமாவா?" என்று கேட்டான். கதவுப் பிடியை விடவே இல்லை.

"பாருங்க டீச்சர், சந்தோஷத்துல அண்ணனுக்குப் பேச்சே வரல!" என்றாள் வெரீனா.

ரோஸ்விதாவுக்கு அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. குனிந்து காலணியை மாட்டிக்கொண்டாள்.

வீட்டுக்கு வரும் வழியில், சிகரங்கள் வெளுத்திருந்தன.

"மேல பனி விழுந்திருச்சு," என்றாள்.

"ம்."

"இந்த வருஷம் சீக்கிரமாவே."

"ம்ம்."

வண்டியை அவன் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து ஓட்டினான். எவ்வளவு ஆசையை அடக்கி வைத்திருக்கிறானோ என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை முட்டியது.

வீட்டில் சூப்பைச் சூடாக்கி, ரொட்டி உருண்டைகளைப் போட்டு வைத்தாள். அவனுக்குப் பிடித்த சாப்பாடு. தொடவில்லை.

"ஆறிப் போகுது, சாப்பிடு."

"பசிக்கல." கொஞ்ச நேரம் ஸ்பூனால் உருண்டையை உருட்டிக்கொண்டிருந்தான். "அப்போ... ரோப் கார் என்னிக்குத் திறக்கிறாங்க? எட்டாம் தேதியா?"

இதற்கு மேலும் மறைத்தால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது அவளுக்கு.

"ஆல்வின், ஒண்ணு சொல்லுவேன். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"என்னால முடியாது. காலால முடியும், என்னாலதான் முடியாது. பயமா இருக்கு. மூணு வாரமா வேணும்னேதான் காலை மடக்காம ஏமாத்திட்டிருந்தேன். ஊருக்கே சொல்லிக் குடுத்தவ இப்படிப் பயப்படறாளேன்னு நீ சிரிச்சாலும் சரி."

அவன் உருண்டையை உருட்டுவதை நிறுத்தினான். அவளே தொடர்ந்தாள்.

"உன் சந்தோஷத்தை நான் கெடுக்க மாட்டேன். மில்லுல யாரையாவது கூட்டிட்டுப் போ. நான் கீழே கடையில ஒரு காபியை வச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

ஆல்வின் ஸ்பூனைக் கீழே வைத்தான். "இந்த வருஷம் மட்டுமா?"

"எப்பவுமே."

"அடுத்த வருஷம் மனசு மாறிட மாட்டியே?"

"மாறாது ஆல்வின். என்னை மன்னிச்சிடு."

அவன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. ஐம்பத்தெட்டு வயது ஆம்பளையை அழ வைத்துவிட்டோமே என்று பதறி எழுந்து, மேஜையைப் பிடித்துக்கொண்டே நொண்டி நொண்டிப் போய் அவன் கைகளை விலக்கினாள்.

ஆல்வின் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஆறிப்போன சூப்பை இழுத்து, ஓர் உருண்டையை முழுசாக வாயில் போட்டு, ஆற அமர மென்று விழுங்கினான்.

"பொண்ணு வேணும்னா உச்சியிலேருந்து ஒரே ஒரு தடவை சறுக்கி இறங்கிக் காட்டுன்னார் உங்கப்பா. உயிரைக் கையில பிடிச்சிக்கிட்டு இறங்கினேன். கீழே வந்ததும் நீ ஓடி வந்து, 'அடுத்த ஞாயித்துக்கிழமையும் போலாமா'ன்னு கேட்ட," என்றான். "முப்பத்தொரு வருஷமா, வேண்டாம்னு சொல்லத்தான் எனக்குத் தைரியம் வரல."