மூன்றாவது வரி

கராகோல் மலையடிவாரத்தில், எங்கள் பனிச்சறுக்கு முகாமின் விளம்பரப் பலகை முன்னால், கூட்டாளி தாலாயின் பிடரியைப் பிடித்து நிற்கிறான் எசென்பெக். தாலாயின் மூக்கிலிருந்து ரத்தம் பனியில் சொட்டுகிறது. நான் விலக்கவில்லை. பின்னால் குதிரை இழுத்துவந்த சறுக்குவண்டியில், பனிச்சரிவிலிருந்து தோண்டியெடுத்த விருந்தாளி கம்பளிக்குள் விறைத்துக் கிடக்கிறான். அவன் மனைவியின் அலறலில் குதிரை காதை மடக்குகிறது. "மேல ஏத்திவிட மெஷின் கிடையாது, ஓட்டல் கிடையாதுன்னு பலகையில ரெண்டு வரி எழுதினேன். மூணாவது வரி எங்கடா?" என்று அவனை உலுக்குகிறான் எசென்பெக். "அதைப் பார்த்தா ஒருத்தனும் வரமாட்டான்னுதான் பெயின்ட் அடிச்சேண்ணே..." எசென்பெக் சறுக்குக் கட்டையின் இரும்பு விளிம்பால் பலகையைச் சுரண்டுகிறான். வெள்ளைப் பெயின்ட் செதில்செதிலாக உதிர்கிறது. "படிடா. அந்தம்மா காதுல விழணும்." உடைந்த மூக்கோடு தாலாய் படிக்கிறான்: "இங்கே பனி ஆளை விழுங்கும். தெரிந்தே வாருங்கள்."